ஃபெயில் சார் ஏற்றிய மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று மகிழ்ச்சிக்கான மெழுகுவர்த்தியை ஏற்றப்போவது யார் என்று போதகர் அறிவித்ததும், ஆலயத்தின் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நடுவரிசையில் ஒருவர் தன் சிரிப்பை இருமலாக மாற்றிச் சமாளித்தார். பாடகர் குழுவில் ஒரு பெண் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

அறிவிப்பில் எந்தத் தப்பும் இல்லை. நான்கு ஞாயிறு, நான்கு மெழுகுவர்த்தி, குடும்பத்துக்கு ஒன்று என்று முறைவைத்து வருவதுதான். நம்பிக்கையின் மெழுகுவர்த்தியைப் பல் டாக்டர் குடும்பம் ஏற்றியாயிற்று. சமாதானத்தின் மெழுகுவர்த்தியை, எப்போதும் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு தம்பதி ஏற்றினார்கள். தீப்பெட்டியை யார் பிடிப்பது என்பதில் அங்கேயும் சின்னதாக ஒரு உரசல். அதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மகிழ்ச்சியை ஏற்றப்போவது ஃபெயில் சார் என்றதும்தான் சபைக்குத் தாங்கவில்லை.

அவர் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் தேர்வு அதிகாரி. கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று சொல்வது வேலை. பாஸ் என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் ஊரில் ஏதோ கொஞ்சம் பேர் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. மனிதர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தால் அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

அந்தப் போதகரே அவரிடம் பலமுறை தோற்றவர். ஒவ்வொரு முறையும் கார் நடுரோட்டில் குலுங்கி நிற்கும்போது போதகர் பெருமூச்சு விட்டு, "தேவ சித்தம்" என்பார்.

"தேவ சித்தம் இல்ல பாஸ்டர். கிளட்ச்" என்பார் ஃபெயில் சார்.

அவர் கெட்டவர் இல்லை. ஞாயிறு தவறாமல் வருவார், ஜெபிப்பார், வியாதிக்காரர்களைப் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே போதுமான இடைவெளி இல்லை என்று சொல்லிவிட்டு வருவார். இரட்சிக்கப்பட்டவர்தான், ஆனால் முதுகில் 'எல்' போர்டு மாட்டிய இரட்சிப்பு. படுக்கப்போகும் முன் கண்ணை மூடினால் அவருக்கு வருவது ஜெபம் இல்லை, மார்க். மனைவியிடம் எரிந்து விழுந்ததற்கு இவ்வளவு கழிவு, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டது காதில் விழாததுபோல் நடந்ததற்கு இவ்வளவு கழிவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒருநாளும் பாஸ் மார்க் வந்ததில்லை. நாளைக்காவது பார்க்கலாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். இப்படி இருக்கிற ஒருவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

"மெழுகுவர்த்தி ஏத்தினாப் போதாதாம். மகிழ்ச்சியைப் பத்தி நாலு வார்த்தை பேசவும் வேணுமாம்" என்றார் அன்று சாப்பிடும்போது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மற்றவர்களுக்கு எழுத்து தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, எதையும் நேராகச் சொல்லிப் பழகிவிட்டாள்.

"நீங்க மகிழ்ச்சியைப் பத்திப் பேசினா, பாதிப் பேரு ஞானஸ்நானத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க."

"எனக்கும் சந்தோஷம் இருக்கு. வெளிய காட்டிக்கிறதில்ல, அவ்வளவுதான்."

"இருபது வருஷமா கூட இருக்கிற எனக்காவது ஒரு தடவை காட்டியிருக்கலாம்."

மறுநாள் காலை அவர் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று சிரித்துப் பார்த்தார். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தார். கன்னத்தை மேலே ஏற்றினார். துண்டு எடுக்க வந்த மனைவி கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, பல்லு வலியா?"

அன்றைக்கே அலுவலகத்தில் அந்தச் சம்பவம் நடந்தது.

தேர்வுக்கு ஒரு மருத்துவச்சி வந்திருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள். தூரத்து வீடுகளுக்குப் போக அவளுக்குக் கார் ஓட்டியே ஆகவேண்டும். போனமுறை வந்தபோது பயத்தில் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டு, காய்ந்த கண்ணாடியை வைப்பர் கறகறவென்று துடைத்துக்கொண்டிருக்க, இடதுபக்கம் திரும்பச் சொன்னால் வலதுபக்கம் போனவள். ஃபெயில் சாருக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

இன்று அதே முகம் வந்து உட்கார்ந்து காரை வெண்ணெயில் கத்தி போகிறமாதிரி ஓட்டியது. வளைவில் அலட்டல் இல்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தபோது கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் நழுவவில்லை. ஃபெயில் சாரின் உள்ளத்தில் ஏதோ அரித்தது. பயிற்சியால் மனிதர்கள் முன்னேறுவார்கள், ஒப்புக்கொள்கிறார், ஆனால் இவ்வளவா?

கடைசியாக, இரண்டு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் போய் நிறுத்தவேண்டும். கார் ஒரே வீச்சில் போய்ப் பொருந்தி நின்றது. அந்தக் கணத்தில் மைதானத்து வேலிச் செடிகளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி துள்ளி எழுந்து, "சூப்பர்க்கா!" என்று கை தட்டினாள்.

ஃபெயில் சார் வேலியைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் ஒரே முகம்.

தட்டிய கையைச் செடிக்குப் பின்னாலிருந்தவள் அப்படியே வாயில் பொத்திக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரட்டைப் பிள்ளைங்களா?" என்றார் அவர், மிக மெதுவாக.

"ஆமா சார். நான் அக்கா. சரக்கு வண்டி ஓட்டறேன் சார். அவளுக்கு டெஸ்ட்னாலே கை கால் உதறுது. அவளுக்குப் பதிலா..."

"பதிலாவா?" அதற்குமேல் மெதுவாக இருக்க அவரால் முடியவில்லை. மைதானமே திரும்பிப் பார்த்தது. "ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் பாஸ் பண்றதா? உலகத்துல எங்கேயாவது இப்படி ஒரு நியாயம் உண்டா? இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம்! ரெண்டு பேரையும் போலீஸ்ல சொல்றேன்!"

தங்கை வேலியைத் தாண்டி ஓடிவந்து அழுதாள். அக்காவும் அழுதாள். எது யாருடைய அழுகை என்று தெரியாமல் அவர் இருவரையும் பொதுவாகத் திட்டி அனுப்பினார். மனது ஆறவில்லை. பேச்சுக்கு இன்னும் ஒரு வரிகூடத் தயாராகவில்லை என்பது வேறு நினைவுக்கு வந்தது. வேலை முடிந்ததும் நேரே ஆலயத்துக்குப் போனார்.

போதகர் ஏணிமேல் நின்று சாளரத்தின் மேல்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே மேஜைமேல் இலைதழைகள் சுற்றிய வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள்; இரண்டு எரிந்து குட்டையாகியிருந்தன, மூன்றாவது இளஞ்சிவப்பில் தொடாமல் நின்றது.

"பாஸ்டர், ஏணியோட கால் சாய்ஞ்சிருக்கு" என்றார் ஃபெயில் சார்.

"நீங்க பிடிச்சுக்குங்க சார். அதுக்குத்தான் கர்த்தர் உங்களை அனுப்பியிருக்கார்."

ஏணியைப் பிடித்துக்கொண்டே அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார். மகிழ்ச்சியைப் பற்றி என்ன பேசுவது? எதற்காக மகிழ்வது? தினமும் தன்னையே பரீட்சை வைத்துப் பார்ப்பதையும், ஒருநாளும் தேறாததையும் முதல்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார்.

போதகர் துடைப்பதை நிறுத்தினார்.

"சார், அந்தப் பரீட்சை முடிஞ்சுபோச்சே."

"எது?"

"நீங்க தினமும் எழுதறது. நம்மால பாஸ் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சுதான் கர்த்தர் வந்தார். நம்மள மாதிரியே உடம்பு எடுத்து, நம்ம இடத்துல உட்கார்ந்து, நமக்குப் பதிலா பாஸ் பண்ணிட்டார். அந்த வருகையைத்தானே இந்த மாசம் பூரா கொண்டாடறோம்?"

ஃபெயில் சாரின் முகம் சிவந்தது.

"பாஸ்டர், நீங்க சொல்றது ஆள்மாறாட்டம்!"

"என்னது?"

"காலைலதான் ஒரு கேஸைப் பிடிச்சேன். ஒரே முகம், வேற ஆள். சட்டப்படி குற்றம் பாஸ்டர் அது!"

போதகர் சிரித்தார். ஏணி ஆடியது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், ஏணியில் தொங்கிய வாளி கவிழ்ந்தது. அழுக்குத் தண்ணீர் முழுக்க ஃபெயில் சாரின் தலையில் இறங்கியது. அவர் ஏணியை விடவில்லை. விட்டால் போதகர் விழுந்துவிடுவார்.

"மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க" என்று போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தார். "நீங்க சொல்றது சரிதான். குற்றம்னா தண்டனை உண்டுல்ல? அந்தத் தண்டனையையும் அவரேதான் வாங்கிக்கிட்டார். நம்ம கணக்குல ஒண்ணும் பாக்கி வைக்கல."

ஃபெயில் சார் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட நின்றார். சின்ன வயதிலிருந்து கேட்ட விஷயம்தான். ஆயிரம் தடவை தலையாட்டிய விஷயம். இன்றைக்கு என்னவோ யாரோ அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அவர் எழுந்து வருவதற்குள் உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

"அப்போ சார்," என்றார் போதகர் நைசாக, "அடுத்த டெஸ்ட்ல எனக்கும் கொஞ்சம் கிருபை..."

"ரோட்டுல கிருபை கிடையாது பாஸ்டர். எதிர்ல லாரி வரும்."

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்படியானால் இத்தனை வருஷம் அவர் பட்ட பாடு? நாக்கைக் கடித்து அடக்கிய கோபங்கள், தூக்கத்தை விட்டு எழுந்த ஜெபங்கள், எதற்கும் மார்க் கிடையாதா? அவரும், சமாதான மெழுகுவர்த்தி முன்னால் சண்டைபோட்ட அந்தத் தம்பதியும் ஒரே வரிசையா? வாரம் முழுவதும் இதையே மென்றுகொண்டு திரிந்தார். மனைவி இரண்டுமுறை உப்பு கேட்டாள். இரண்டுமுறையும் அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை அலுவலக வாசலில் தேர்வுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களைக் கடந்து ஃபெயில் சாரின் கார் உள்ளே நுழைந்தது. வழக்கமாக நிறுத்தும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் போகவேண்டும். அவர் மனம் ஏணியடியில் நின்றிருந்தது. கை கியரைத் தானாக மாற்றியது. முன்னால் போகவேண்டிய கார் சீறிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. ஒரு பக்கம் அலுவலகச் சுவரை உரசிக்கொண்டு போய், மறுபக்கம் வாசல் கம்பத்தில் டமாரென்று மோதி நின்றது.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஃபெயில் சார், கண்ணாடியைப் பார்க்காமல், ரிவர்ஸ் எடுத்துவிட்டார்!

கார் நகர மறுத்தது. ஒரு பக்கக் கதவைச் சுவர் அடைத்துக்கொண்டது. அவர் பக்கத்துக் கதவு கம்பத்தில் நசுங்கித் திறக்கவில்லை. மிச்சம் இருந்தது ஜன்னல். அதன் வழியாகத் தலையை வெளியே விட்டார், பிறகு ஒரு கையை விட்டார். அதற்குப் பின் அவருடைய நல்ல சாப்பாட்டு வயிறு ஜன்னலில் வந்து சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் போகமுடியவில்லை.

வரிசையைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். அந்த மருத்துவச்சிதான், அக்காவையும் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். தேர்வு என்றால் உதறுகிற அவளுடைய கை இப்போது துளி உதறவில்லை. ஒரு கையால் அவர் நாடியைப் பிடித்தாள், மறு கையால் தலையைத் தாங்கினாள்.

"பயப்படாதீங்க. தலை வந்துடுச்சு. தலை வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது."

"என்னம்மா சொல்ற..."

"பேசாதீங்க, மூச்சை வீணாக்காதீங்க. நல்லா இழுங்க. விடுங்க. இழுங்க. விடுங்க. ம், இப்போ தோளைக் கொஞ்சம் திருப்பிக்குடுங்க. அப்படித்தான். அவசரமே இல்ல." திரும்பி அக்காவைப் பார்த்தாள். "அக்கா, அந்தப் பக்கம் பிடி. நான் சொல்றப்ப மட்டும் இழு. சார், வயித்தை இறுக்காதீங்க. தொளதொளன்னு விடுங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நாங்க பார்த்துக்கிறோம். நீங்க சும்மா வாங்க."

அவர் வயிற்றைத் தளரவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக எதையும் செய்யாமல் சும்மா இருந்தார்.

"இப்போ!" என்றாள்.

இரண்டு பேரும் இழுத்தார்கள். ஃபெயில் சார் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து புல்தரையில் விழுந்தார். ஒரு செருப்பு காருக்குள்ளேயே தங்கிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் தங்களை அறியாமல் கை தட்டினார்கள். மருத்துவச்சி பழக்கதோஷத்தில் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, அழுகிறாரா என்று பார்த்தாள்.

அவர் அழவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. இருமல் என்று நினைத்தார். வாயைத் திறந்தால் சிரிப்பு. முதலில் துருப்பிடித்த கதவு திறக்கிறமாதிரி கரகரவென்று வந்தது, பிறகு கட்டுக்கடங்கவில்லை. புல்லில் கிடந்தபடி, ஒற்றைச் செருப்போடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரறிய, வெட்டவெளிச்சமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர் ஃபெயில். அது தெரிந்தே, போதகர் சொன்ன மாதிரி, ஒருவர் அவருக்காக வந்திருக்கிறார். இனிமேல் தேறியாகவேண்டிய பரீட்சை ஒன்றும் இல்லை. மார்பின்மேல் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது. அது போனபிறகுதான் அதன் கனமே அவருக்குத் தெரிந்தது.

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளைய அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "சார், அடி பட்டிருக்கா?"

"நீ பார்த்துட்டுத்தானே இருந்த? நான் ஓட்டினது எப்படி? சொல்லு."

"சார், அது வந்து... கம்பம் கொஞ்சம் உள்ள தள்ளி..."

"கம்பத்து மேல பழி போடாத. சத்தமாச் சொல்லும்மா."

"ஃபெயில் சார்" என்றாள் அவள். பட்டப்பெயரைச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் இன்னொரு சுற்றுச் சிரித்தார்.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டதும் இரட்டைச் சகோதரிகளைக் கூப்பிட்டார். "போலீசெல்லாம் வேண்டாம். ஆனா லைசென்ஸை நீதான் ஓட்டி வாங்கணும், உங்க அக்கா இல்ல. புது வருஷத்துல வா. என்னை இழுத்துப் போட்ட கை, ஒரு ஸ்டியரிங்குக்குப் பயப்படலாமா?"

"டெஸ்ட்ல நீங்க முறைச்சுப் பார்க்கிறீங்க சார், அதான் பயம்" என்றாள் அவள்.

"சரி, ஜன்னலைப் பார்க்கிறேன்."

விஷயம் அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, எலும்பு எதுவும் உடையவில்லை என்று தெரிந்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மறுபடியும் பிறக்கணும்னு பாஸ்டர் சொன்னா, அதுக்காக மருத்துவச்சியையேவா கூப்பிடுவீங்க?"

அவர் சிரித்தார். அவள் பேசிக்கொண்டே உள்ளே போனவள், இரண்டடி வைத்துவிட்டு நின்றாள். திரும்பி வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கடையில் பவர் பார்க்கிறமாதிரி முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"பல்லு வலி இல்லையே?" என்றாள். அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் ஆலயம் நிரம்பி வழிந்தது. வரப் பழக்கமில்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஃபெயில் சார் மனைவியோடு முன்னால் போனார். போன வாரங்களின் இரண்டு மெழுகுவர்த்திகளை மனைவி ஏற்றினாள். மூன்றாவதற்காக அவர் தீக்குச்சியைக் கிழித்தார். கிழித்துவிட்டுச் சபையைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குச் சந்தோஷமா இருக்கு" என்றார். "ஏன்னா, நான் ஃபெயில்."

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"இங்க என்கிட்ட ஃபெயில் ஆனவங்க எல்லாம் கையைத் தூக்குங்க."

தயங்கித் தயங்கி ஒரு கை எழுந்தது. பிறகு பத்து, பிறகு வரிசை வரிசையாகக் கைகள். பல் டாக்டர் தூக்கினார். சண்டைத் தம்பதி ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ஆர்கன் வாசிப்பவர் இரண்டு கையையும் தூக்கினார். பீடத்துக்குப் பக்கத்தில் போதகரின் கையும் அங்கியோடு மேலே போனது.

"என்னையும் சேர்த்துக்குங்க" என்று ஃபெயில் சார் தன் கையையும் தூக்கினார். "நம்ம யாராலயும் முடியாதுன்னு தெரிஞ்சுதான் அவர் நம்ம சீட்டுல வந்து உட்கார்ந்தார். இத்தனை நாளா நான் பக்கத்துல உட்கார்ந்து அவருக்கே மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன். ஓட்டி முடிச்சாச்சுங்க. இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அதுக்குத்தான் இந்த... ஆஆ!"

தீக்குச்சி எரிந்து விரலைச் சுட்டுவிட்டது. குச்சியை உதறிவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். சபை வெடித்துச் சிரித்தது. இந்த முறை யாரும் புத்தகத்தால் முகத்தை மூடவில்லை, யாரும் இருமவில்லை. அவரும் விரலைச் சப்பிக்கொண்டே சேர்ந்து சிரித்தார். மனைவி இன்னொரு குச்சியைக் கிழித்து அவர் கையில் கொடுத்து, கையோடு கைவைத்துத் திரியருகே கொண்டுபோனாள். இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி பற்றிக்கொண்டது. ஆர்கன்காரர் எந்தப் பாட்டு என்று கேட்காமலே வாசிக்கத் தொடங்கிவிட்டார். பாதிப் பேர் ஒரு பாட்டைப் பாடினார்கள், மீதிப் பேர் வேறொன்றைப் பாடினார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை.

அவருடைய கார் பட்டறையில் கிடந்ததால் மனைவியின் சின்னக் காரில்தான் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவள் ஓட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்டினால் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். வாய், "சிக்னல், சிக்னல்" என்று முணுமுணுத்துக்கொண்டே வரும். முதல் வளைவில் அவள் பழக்கத்தில் திட்டுக்குத் தயாரானாள். பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. இரண்டாவது வளைவில் வேண்டுமென்றே இண்டிகேட்டர் போடாமல் காரைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை.

ஓரக்கண்ணால் பார்த்தாள். சீட்டில் சரிந்து, இரண்டு காலையும் நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுத் தெரு வந்தது. அவள் திரும்பவில்லை. நேராக விட்டு, பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு, பெட்ரோல் முள் கீழே இறங்கும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.